மஞ்சள் பிளக்கும் மக்காச்சோளக் காடும்

ரேடியோ கண்ட்ரோல் விமானம் விடுறேன்னு சொன்னா ஜனங்க கேக்குற கேள்வி மொத்தம் மூணுதான். எவ்ளோ உயரம் போகும்? எவ்ளோ தூரம் போகும்? விலை என்ன? மூணாவது கேள்விக்கு உண்மையான பதிலை வீட்ல அம்மாகிட்ட மட்டும் இன்னும் சொல்லல :-) கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்கன்னா மோட்டார் என்ன, பேட்டரி எத்தனை செல்னு கேப்பாங்க. ஆனா பேட்டரிக்கும் விமானத்துக்கும் நடுவுல இருக்குற பிளக் என்ன வகைன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட கேட்டதில்ல. கேக்காட்டியும் பரவாயில்ல, இன்னைக்கு அதைப் பத்தித்தான் எழுதப் போறேன். கட்டைவிரல் நகம் அளவு பிளாஸ்டிக் துண்டுக்கு இவ்ளோ பெரிய பதிவான்னு நினைக்கிறவங்க சோளக்காடு வர்ற வரைக்கும் மட்டும் பொறுத்துக்குங்க. அப்புறம் நீங்களே முடிவு பண்ணலாம்.

முதல்ல, இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதவங்களுக்காக ஒரு முன்கதைச் சுருக்கம். எலெக்ட்ரிக் மாடல் விமானத்துக்குள்ள இருக்குறது அஞ்சாறு சாமான்தான். லித்தியம் பாலிமர் பேட்டரி, செல்லமா லிப்போ. அதுல இருந்து இஎஸ்சிங்கிற வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதுல இருந்து மோட்டார். அப்புறம் நம்ம கையில இருக்குற ரிமோட் சொல்றதைக் கேக்குற ரிசீவர், இறக்கையிலயும் வால்லயும் இருக்குற பலகைகளை அசைக்கிற குட்டிக் குட்டி செர்வோக்கள். அவ்ளோதான். ஒவ்வொரு தடவை பறந்து முடிச்சதும் பேட்டரியைக் கழட்டி சார்ஜ் போடணும். அதனால வயரை நேரா ஒட்டிட முடியாது, நடுவுல ஒரு பிளக் வேணும். சீசன் முழுக்க நூத்துக்கணக்கான தடவை மாட்டிக் கழட்டுற பிளக்.

இப்பத்தான் முக்கியமான விஷயம். பழைய பெட்ரோல், மெத்தனால் இஞ்சின் விமானங்கள்ல ரிசீவருக்குன்னு தனியா ஒரு சின்ன பேட்டரி இருக்கும். நடுவானத்துல இஞ்சின் நின்னு போச்சுன்னாலும் கண்ட்ரோல் கையில இருக்கும். பட்டம் மாதிரி மெதுவா மிதக்கவிட்டு இறக்கிடலாம். எலெக்ட்ரிக்ல பெரும்பாலும் அந்தத் தனி பேட்டரி கிடையாது. இஎஸ்சிக்குள்ளயே இருக்குற ஒரு சின்ன சர்க்யூட், பெரிய பேட்டரியில இருந்து அஞ்சு வோல்ட் எடுத்து ரிசீவருக்கும் செர்வோவுக்கும் குடுத்துடும். எடையும் மிச்சம், காசும் மிச்சம். பேட்டரி தீரப் போகுதுன்னா இஎஸ்சி முதல்ல மோட்டாரை நிறுத்திட்டு, மிச்சக் கரண்ட்டைக் கண்ட்ரோலுக்கு ஒதுக்கி வைக்கும். நல்ல யோசனைதான். ஆனா அந்தப் பிளக்கே கழண்டுக்கிச்சுன்னா? மோட்டாரும் போச்சு, ரிசீவரும் போச்சு, செர்வோவும் போச்சு. சிக்னல் கட்டானா விமானத்தைப் பாதுகாப்பா வெச்சுக்க ஃபெயில்சேஃப்னு ஒரு ஏற்பாடு இருக்கு. ரிசீவருக்கே உயிர் இல்லைன்னா அது மட்டும் எங்க இருந்து வேலை செய்யும்?

1957 ஜூன் மாசம் இங்கிலாந்துல கர்னல் டாப்ளின்ங்கிறவர் 'ரேடியோ குயீன்'னு ஒரு மாடலை எலெக்ட்ரிக் மோட்டார்ல பறக்கவிட்டார். வெள்ளி - துத்தநாக பேட்டரியில பறந்தது. அதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் மோட்டார் மாறிடுச்சு, பேட்டரி மாறிடுச்சு, ரேடியோ மாறிடுச்சு. ரெண்டு உலோகத்தை அழுத்தி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வைக்கிற வேலை மட்டும் அப்படியேதான் இருக்கு.

சரி, சோளக்காட்டுக்கு வருவோம். நான் இருக்குறது அமெரிக்காவுல, இல்லினாய்ஸ் மாநிலம். இங்க மாடல் விமான கிளப்னா ஊருக்கு வெளிய ஒரு புல்தரை, ரெண்டு மேசை, ஒரு கொட்டகை, சுத்தி நாலு பக்கமும் மக்காச்சோளம். உறுப்பினர்கள்ல முக்கால்வாசிப் பேர் ரிடையர் ஆன தாத்தாக்கள். என்னை மாதிரி ஸ்டூடன்ட் பசங்க ரெண்டு மூணு பேர். ஒரு ஜூலை மாச சனிக்கிழமை, அங்க ஒரு தாத்தா ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு விமானத்தை ஏத்தினார். நல்ல அனுபவசாலி, நான் பிறக்கறதுக்கு முன்னாடியே விமானம் விட்டவர். ரெண்டாவது சுத்து திரும்பும்போது மோட்டார் சத்தம் பட்டுன்னு நின்னுச்சு. இங்க மோட்டார் நின்னா 'டெட் ஸ்டிக்'னு சத்தமா சொல்லணும், மத்தவங்க ரன்வேயை விட்டு ஒதுங்கணும். அவரும் சொன்னார். அடுத்த ரெண்டு செகண்ட்ல அவர் குரலே மாறிடுச்சு. கண்ட்ரோலும் இல்லைன்னு கத்துறார். விமானம் ஒரு பக்கமா சாஞ்சு, கொட்டகைப் பக்கமா மூக்கைத் திருப்பி இறங்குது. அங்க பெஞ்சுல ஒரு குடும்பம், கூட அஞ்சு வயசுப் பையன் ஒருத்தன். எல்லாரும் எழுந்து ஓடுறதுக்குள்ள அது அவங்க தலைக்கு மேலயே தாண்டிப் போய் சோளத்துக்குள்ள விழுந்துடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அந்தக் காத்தடிச்ச சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

ஜூலையில இங்க சோளம் ஆள் உயரத்துக்கு மேல நிக்கும். நாலு பேர் வரிசையா உள்ள போய் ஒரு மணி நேரம் தேடினோம். கிடைச்சப்ப பேட்டரி முக்கால்வாசி சார்ஜோட சும்மா ஜம்முன்னு இருந்துச்சு. மோட்டார் சுத்துச்சு. செர்வோ எல்லாம் உயிரோட இருக்கு. பிளக் மட்டும் பாதி கழண்டு நிக்குது. உள்ள இருந்த ஸ்பிரிங் தகடு தளர்ந்து, பிளாஸ்டிக் பழுப்பு ஏறிப் போயிருந்துச்சு. ரெண்டு டாலர்கூடப் பெறாத சாமான்.

அந்தப் பழுப்பு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஊர்ல அயர்ன் பாக்ஸ் பிளக்கைப் பாருங்க, ஒரு பின் பக்கம் மட்டும் கருகியிருக்கும். எலெக்ட்ரீஷியன் வந்து பாத்துட்டு "லூஸ் கனெக்‌ஷன் சார்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவார். அந்த ஒரு வார்த்தைக்குள்ள ஒரு முழு இயற்பியல் பாடமே இருக்கு. பிளக்ல வீணாகுற சக்தி = கரண்ட் × கரண்ட் × ரெசிஸ்டன்ஸ். நல்ல தொடர்பு ஒண்ணுல ரெசிஸ்டன்ஸ் ஒரு மில்லி ஓம்னு வெச்சுக்குவோம். 40 ஆம்பியர் ஓடினா 1.6 வாட் சூடு. ஒண்ணும் பெரிசில்ல, காத்துலயே ஆறிடும். அதே பிளக் தளர்ந்து அஞ்சு மில்லி ஓம் ஆச்சுன்னா 8 வாட். நம்ம வீட்டு ஹால்ல எரியற எல்இடி பல்பு 9 வாட், ஞாபகம் இருக்கட்டும். அவ்ளோ சக்தியும் நகம் அளவு இடத்துல சூடாவே இறங்குது. சூடு ஏறினா ஸ்பிரிங் தளரும், தளர்ந்தா ரெசிஸ்டன்ஸ் கூடும், கூடினா இன்னும் சூடு. கந்துவட்டி மாதிரி தன்னைத் தானே வளத்துக்கும்.

இதுல கவனிக்க வேண்டியது அந்த 'கரண்ட் × கரண்ட்'. அதே அஞ்சு மில்லி ஓம் பிளக்ல 10 ஆம்பியர் மட்டும் ஓடினா வெறும் அரை வாட்தான். அதனாலதான் பொம்மைக் கார்ல வருஷக்கணக்கா உழைக்கிற பிளக், விமானத்துல ஒரே மாசத்துல உருகுது. பிளக் கெட்டதுன்னு சொல்ல முடியாது. அது வாழ வேண்டிய இடம் வேற.

குளிர்காலம் வந்து கிளப் மைதானம் பனியில மூடினதும் என் சொத்துக் கணக்கை எடுத்துப் பாத்தேன். கடையில வாங்கின தெர்மோகோல் ட்ரெய்னர் ஒண்ணு, அதுல நீல கலர் இசி3 பிளக். கிளப்ல ஒரு தாத்தா கை மாத்திவிட்ட பழைய விமானம் ஒண்ணு, அதுல சிவப்பு டீன்ஸ். உள்ளங்கை அளவு குட்டி ஒண்ணு, அதுல ஜேஎஸ்டி. யூனிவர்சிட்டி டீம்ல போட்டிக்காகக் கட்டிட்டு இருக்குற பெரிய விமானத்துல எக்ஸ்டி90. நாலு விமானம், நாலு ஜாதிப் பிளக். இதுக்கு உலகமே செய்யுற சுலபமான வழி அடாப்டர். இந்தப் பக்கம் ஒரு பிளக், அந்தப் பக்கம் வேற பிளக், நடுவுல ஒரு சாண் வயர். எண்ணிப் பாருங்க. நேரா மாட்டினா சேர்ற இடம் ஒண்ணு, சால்டர் வெச்ச இணைப்பு நாலு. அடாப்டர் போட்டா சேர்ற இடம் ரெண்டு, சால்டர் எட்டு. சோளக்காட்டுக்கு வழி ஒண்ணுக்கு ரெண்டாச்சு. மேசை மேல டெஸ்ட் பண்ண, சார்ஜ் போட அடாப்டர் இருக்கட்டும். வானத்துல வேணாம். குளிர்காலம் முழுக்க எல்லாத்தையும் ஒரே குடும்பத்துக்கு மாத்திடறதுன்னு முடிவு பண்ணினேன்.

ரூம்மேட்டுக்கு இதுல பயங்கர வருத்தம். "மச்சான், வாடகை குடுக்க இருபதாம் தேதி வரைக்கும் இழுக்கற, மஞ்ச கலர் பிளக் வாங்க மட்டும் எங்கடா காசு வருது?"ன்னு கேட்டான். நியாயமான கேள்விதான் :-)

எந்தக் குடும்பம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் ஒரு பார்வை பாத்துடலாம்.

டமியா: வெள்ளை பிளாஸ்டிக், நடுவுல ஒரு கொக்கி. ரேடியோ கார் உலகத்துல இருந்து வந்தது. மெல்லிய தகடைச் சுருட்டிப் பண்ணின முனைகள். விமானத்துல இதைப் பாத்தா யோசிக்காம வெட்டிடலாம்.

ஜேஎஸ்டி சிவப்பு: ரெண்டு மூணு ஆம்பியர் குடிக்கிற குட்டி விமானத்துக்குச் சரி. அதுக்கு மேல அதைக் கஷ்டப்படுத்தக் கூடாது.

டீன்ஸ்: 'டி' எழுத்து மாதிரி ரெண்டு தகடு, ஒண்ணு குறுக்க ஒண்ணு நெடுக்க. தலைகீழா மாட்டவே முடியாது. பல வருஷம் இதுதான் ராஜா. அசல் நல்ல சரக்கு. போலிகள் நிறைய, அதுல பிளாஸ்டிக் சால்டரிங் சூட்டுக்கே இளகி தகடு கோணிக்கும். தட்டை ஸ்பிரிங் காலப்போக்குல தளரும். பிடிக்கறதுக்கு வாகு கம்மி, கழட்டும்போது வயரைப் பிடிச்சு இழுக்கத் தோணும்.

ஆண்டர்சன் பவர்போல்: ஆண் பெண் பேதமே இல்லாத பிளக், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. சால்டர் வேண்டாம், கிரிம்ப் பண்ணினா போதும். ஹாம் ரேடியோக்காரங்களுக்கு உயிர். தாத்தாக்கள்ல பாதிப் பேர் ஹாம் ரேடியோவும் வெச்சிருக்கறதால அவங்க விமானத்துலயும் இது இருக்கும். கொஞ்சம் பருமன்.

இசி3, இசி5: நீலம். 3.5 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் உருண்டை முனைகள். தகடு மாதிரி ஒரு பக்கம் மட்டும் உரசாம, சுத்திவரத் தொடுறதால நல்ல தொடர்பு. இங்க கடையில வாங்குற ரெடிமேட் விமானங்கள் நிறையத்துல இதுதான் வரும். ஐசி3, ஐசி5ன்னு புதுசா வர்றதும் இதோட பொருந்தும். நடுவுல பேட்டரி தகவல் அனுப்ப ஒரு முனை கூடுதல், அவ்ளோதான்.

எக்ஸ்டி30, 60, 90: மஞ்சள். சீனாவுல அமாஸ் கம்பெனி செய்யறது. இதுவும் உருண்டை முனைதான், 60ல 3.5, 90ல 4.5 மில்லிமீட்டர். ஒரு முனை மட்டும் சாய்வா வெட்டியிருக்கும், அதனால தலைகீழா மாட்ட முடியாது. பிளஸ், மைனஸ் உடம்புலயே பொறிச்சிருக்கும். பேர்ல இருக்குற எண்ணை மட்டும் அப்படியே நம்பாதீங்க. அது கொஞ்ச நேரம் தாங்குற அதிகபட்ச ஆம்பியர். நிறுத்தாம ஓட்ட ஏறக்குறைய அதுல பாதின்னு வெச்சுக்கறது நல்லது. விமானத்துல ஃபுல் த்ராட்டில் சில செகண்டுதான், மத்த நேரம் பாதி, கால்வாசி. அதனால 40 ஆம்பியர் உச்சம் போற விமானத்துக்கு எக்ஸ்டி60 தாராளம்.

பாத்தீங்கன்னா, இசியும் எக்ஸ்டியும் ரெண்டுமே நல்ல பிளக்குகள்தான். எது சிறந்ததுன்னு சண்டை போட்டா விடிஞ்சிடும். நான் எக்ஸ்டி எடுத்ததுக்குக் காரணம் மூணு. டீம்ல அதுதான் இருக்கு, அதனால அவசரத்துக்குப் பேட்டரி கடன் வாங்கலாம். என் சார்ஜர்லயே எக்ஸ்டி60 வாய் இருக்கு, சார்ஜ் போடவும் அடாப்டர் வேணாம். மூணாவது, எனக்கு ரொம்பப் பிடிச்ச காரணம்: 30, 60, 90னு மூணு படி. குட்டி விமானத்துக்கு 30. மூணு செல், நாலு செல் விமானங்களுக்கு 60. ஆறு செல் பெரிசுக்கு 90. அவசரத்துல ஆறு செல் பேட்டரியை மூணு செல் விமானத்துல மாட்டணும்னு நினைச்சாலும் முடியாது, வாயே பொருந்தாது. மனுஷன் மறந்தாலும் பிளாஸ்டிக் மறக்காது. 60க்குள்ள மூணும் நாலும் குழம்பாம இருக்க, நாலு செல் பேட்டரிக்கெல்லாம் பச்சை டேப் சுத்தி, அதே பச்சை டேப்பை விமானத்தோட பேட்டரிக் கதவுலயும் ஒட்டியிருக்கேன்.

பெரிய பேட்டரின்னதும் இன்னொரு விஷயம். ஆறு செல் லிப்போ முழு சார்ஜ்ல 25.2 வோல்ட். இஎஸ்சிக்குள்ள பெரிய கப்பாசிட்டர்கள் காலியா காத்துட்டு இருக்கும். மாட்டின கணத்துல எல்லாம் ஒரே மூச்சுல நிரம்பப் பாக்கும், 'டப்'னு தீப்பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் முனையோட தங்க முலாமைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னும், மறுபடி அதே லூஸ் கனெக்‌ஷன் கதை. எக்ஸ்டி90-எஸ்னு ஒரு வகையில உள்ளயே 5.6 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். முதல்ல அது வழியா தொடும், கரண்ட் 4.5 ஆம்பியரைத் தாண்டாது, கப்பாசிட்டர் நிதானமா நிரம்பும். முழுசா அழுத்தினதும் ரெசிஸ்டர் ஒதுங்கிக்கும். எங்க டீம் போற எஸ்ஏஇ ஏரோ டிசைன் போட்டியில, மோட்டாருக்குப் போற கரண்ட்டைத் துண்டிக்க விமானத்துக்கு வெளிய சிவப்பா ஒரு பிளக் இருந்தே ஆகணும்னு விதியே இருக்கு. சுத்துற புரொப்பெல்லர் பக்கத்துல யாரும் கை விடக் கூடாதுல்ல.

மாத்தப் போறவங்களுக்கு நாலு வார்த்தை. பேட்டரி பக்கம் எப்பவும் முனைகள் உள்ளடங்கின பிளக்தான் வரணும். துருத்திட்டு இருக்குற முனை பேட்டரியில இருந்தா, பையில சாவிக்கொத்து பட்டாலே ஷார்ட். பேட்டரி வயர் ரெண்டையும் ஒரே வெட்டுல வெட்டாதீங்க, கத்தரிக்கோல் வழியாவே ஷார்ட் ஆகும். ஒண்ணை வெட்டி, சால்டர் பண்ணி, மூடினதுக்கு அப்புறம் அடுத்தது. ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை முதல்லயே வயர்ல கோத்துக்குங்க. சால்டர் பண்ணும்போது எதிர்ப் பிளக் ஒண்ணை மாட்டி வெச்சுக்குங்க, சூட்டுல பிளாஸ்டிக் இளகினாலும் முனை கோணாது. அயர்ன் 60 வாட்டாவது இருக்கட்டும். சின்ன அயர்னை ரொம்ப நேரம் வெச்சு வறுக்கறதைவிட, பெரிய அயர்னை ரெண்டு செகண்ட் வெச்சு எடுக்கறது பிளாஸ்டிக்குக்கு நல்லது. ஜன்னலைத் திறந்து வெச்சுக்குங்க. வெளிய மைனஸ் பத்தா இருந்தாலும் சரி, ஈயப் புகை மூக்குல ஏற வேண்டாம், அபார்ட்மென்ட் ஸ்மோக் அலாரமும் கத்த வேண்டாம். லிப்போவோட ஊருக்குப் போறவங்க, பேட்டரியைக் கைப்பையில மட்டும்தான் எடுத்துட்டுப் போகணும். பிளக்குக்கு ஒரு மூடி போட்டுடுங்க. 3 செல் 2200 எம்.ஏ.ஹெச் பேட்டரி 24.4 வாட்-அவர், 100 வரைக்கும் பிரச்சனை இல்ல. ஆனாலும் கிளம்பறதுக்கு முன்னாடி ஏர்லைன்ஸ் விதியை ஒரு தடவை படிச்சிடுங்க.

இதெல்லாம் மாட்டினதோட முடிஞ்சு போற வேலையும் இல்ல. நான் இப்ப ஒவ்வொரு தடவை இறங்கினதும் ரெண்டு விஷயம் பாக்குறேன். பிளக்கை விரலால தொட்டுப் பாப்பேன். வெதுவெதுன்னா சரி. விரலை வெச்சிருக்க முடியலைன்னா அன்னைக்கு அந்த விமானத்துக்கு லீவு. அப்புறம் கழட்டும்போது கைக்கு எவ்ளோ இழுக்க வேண்டியிருக்குன்னு கவனிப்பேன். புதுசுல பல்லைக் கடிச்சு இழுக்கணும். ஒரு நாள் வெண்ணெய் மாதிரி சுலபமா வருதுன்னா சந்தோஷப்படாதீங்க, அதோட காலம் முடிஞ்சிடுச்சு. ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க. ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டா, பழைய பக்கத்தோட நோய் புதுசுக்கும் தொத்திக்கும்.

கடைசியா எந்தப் பிளக் வாங்கலாம்னு கேட்டா என் பதில் இதுதான்: உங்க கிளப்ல, உங்க கூடப் பறக்குறவங்ககிட்ட எது இருக்கோ, அதுல உங்க ஆம்பியருக்கு ஏத்த நல்ல வகையா ஒண்ணு. அதை எல்லா விமானத்துக்கும் போடுங்க, அடாப்டரைத் தூக்கிப் போடுங்க. மோட்டார்ல காசு மிச்சம் பிடிங்க, பெயின்ட்ல மிச்சம் பிடிங்க, ஏன் சாப்பாட்டுலகூட மிச்சம் பிடிங்க (நான் பிடிக்கிறேன்). பிளக்ல மட்டும் வேணாம். பெஞ்சுல உக்காந்திருக்குறவங்களுக்கு நம்ம விமானத்துல என்ன பிளக் இருக்குன்னு தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டியது நம்ம வேலை.

ரெண்டு பேட்டரி இன்னும் டீன்ஸ்லயே கிடக்கு. அயர்ன் சூடாகியிருக்கும், போய் அதை முடிக்கிறேன்.